சுட்டு விரல்

மூன்று நாற்காலி காலியாக இருந்தும்
கிளைவ் ஹாட்டன் நின்றுகொண்டே கேட்டார்:
எதற்கு உங்களுக்குத் துப்பாக்கி?
காவல்துறையிலிருந்து வந்திருந்தார்.
வாசலில் பூட்ஸைக் கழற்றச் சொன்னது என் தவறு.
காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை.
இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் பேசினோம்.

தட்டு சுட, என்றேன்.
தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொன்னது.
தமிழில் எனக்கு இது புது வினை இல்லை.
தோசை சுட்டிருக்கிறேன்.
தணலில் அப்பளம் சுட்டிருக்கிறேன்.
ஒன்பதாம் வகுப்பில்
கோமளவல்லியின் ஹீரோ பேனாவைச் சுட்டிருக்கிறேன்;
அதைப் படிவத்தில் எழுதவில்லை.

எழுதியது வேறு.
இங்கே வந்த முதல் நவம்பர்,
நாலு மணிக்கே இருட்டிய அறையில்
விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தது.
டாக்டர் தந்த மாத்திரை, மூன்று மாதம்,
பாதி வெள்ளை பாதி பச்சை.
மறைத்தால் உரிமம் கிடையாது என்றது படிவம்.
சொன்னாலும் கிடையாது என்றார் அரங்கன்.
சொன்னேன்.
எட்டு மாதம் ஆயிற்று.

ஹாட்டன் இரும்புப் பெட்டியை
இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.
சுவரில் நாலு போல்ட். அசையவில்லை.
சாவி இருக்கும் இடம்
உங்கள் கணவருக்கும் தெரியக்கூடாது, என்றார்.
பத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில்
அரசாங்கமே கேட்டு வைக்கச் சொன்ன ரகசியம்.
சமையலறையில் ஒளிக்க வழியில்லை, அது அவர் ராஜ்யம்.
எங்கே என்று
இங்கேயும் எழுதப்போவதில்லை.

*

அந்த எட்டு மாதமும் இரவல் துப்பாக்கி.
சர்ச் ஸ்ட்ரெட்டனுக்கு மேற்கே, மலை சரிந்து முடிகிற இடத்தில்
ப்ரீஸ் குடும்பத்துப் பண்ணை.
கற்றுத்தருபவள் மெகன். என் வயதில் சரிபாதி.
விடியலில் ஆட்டுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு வருவாள்,
மணிக்கட்டு வரை அயோடின் கறை.

மண்புறா என்கிறார்கள்.
மண்ணும் இல்லை, புறாவும் இல்லை.
சுண்ணாம்பும் தாரும் குழைத்த ஆரஞ்சுத் தட்டு,
ஊறுகாய்க் கிண்ணத்துக்கு மூடியாகப் போடலாம்.

'புல்' என்று கத்தினால் பறக்கும்.
ஈரப் புல்லில் நின்றுகொண்டு
புல் என்று கத்தினேன்.
எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.
தட்டு தன்பாட்டுக்குப் போய்க்
காஞ்சொறிப் புதரில் முழுசாக உட்கார்ந்தது.

பதினேழு தோட்டா. பதினேழும் வானத்துக்கு.

கட்டைவிரலை நீட்டு, என்றாள்.
ஒரு கண்ணை மூடு. இப்போது மற்றதை.
விரல் பக்கத்து மரத்துக்குக் குதித்தது.
உனக்கு இடது கண்தான் முதலாளி, என்றாள்.

நாற்பத்தாறு வருடம்
வலக்கையால் எழுதி, வலக்கையால் உண்டு,
வலது காலை எடுத்து வைத்தே
புகுந்த வீடு, புகுந்த நாடு.
இந்த இடது கண்
ஒரு வார்த்தை சொல்லாமல்
எல்லாவற்றையும் நடத்தி வந்திருக்கிறது.

கண்ணாடியின் இடப்பக்கம்
துண்டு டேப் ஒட்டினாள்.
தட்டையே பார். ஆனால் தட்டைச் சுடாதே.
அது போகப்போகிற இடத்தைச் சுடு.
எவ்வளவு முன்னால்?
அளக்காதே. அளந்தால் கை நின்றுவிடும்.
மருந்தகத்தில் மில்லிகிராம் அளந்து
சம்பளம் வாங்குகிறவளிடம் சொல்கிறாள்.

புல்.

தோள் உதைபட்டது.
தட்டு இருந்த இடத்தில் ஒரு கரும்புகை.
அப்புறம் பொடி,
எனக்கென்ன அவசரம் என்பதுபோல் இறங்கியது.
காதடைப்பானுக்குள் என் மூச்சு மட்டும்.
நவம்பர் இல்லை. நாலு மணி இல்லை.

அடுத்த ஆறும் தவறின.

*

தோளில் கத்திரிப்பூ நிறம்.
தைலம் தடவிய அரங்கன்
எந்த விரல், என்று கேட்டார். நீட்டினேன்.
வார்த்தை வராத முதல் வருடம்
பேக்கரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று
அது, இல்லை அதற்குப் பக்கத்தில் இருப்பது என்று
காட்டிக்கொண்டே இருந்தது இந்த விரல்தான்.

இப்போது ஞாயிறு மாலைகளில்
குழலைத் துடைத்து, எண்ணெயிட்டுப்
பூட்டுகிறேன்.
சாவி கையில் இருக்கும் அந்த ஒரு நிமிடம்
அரங்கன் எனக்கு முதுகு காட்டி நின்று
ரசத்துக்குத் தேவையே இல்லாத சத்தத்தோடு
கரண்டியால் கிண்டுகிறார்.